விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

எங்கள் தெருவில் அவருக்குக் கீறல் அண்ணன் என்று பெயர். கண்ணாடி வெட்டுவதும் படங்களுக்குச் சட்டம் போடுவதும் தொழில். கண்ணாடியில் ஒரு கீறல் போட்டு, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டு தட்டினால் சொன்ன இடத்தில் உடையும். மனிதர்களையும் எங்கே தட்டினால் உடைவார்கள் என்று தெரிந்து வைத்திருந்தார்.

ஒரு காலத்தில் நகரமே எங்கள் நாலு தெருதான். ஆற்றோரம் சரக்குக் கிடங்குகள் வந்தன, அப்புறம் ஆலைகள், ஆலைத் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள். பிறகு நகரம் எங்களைத் தாண்டி நாலா பக்கமும் ஓடிப்போய், உயரம் உயரமாகக் கட்டிக்கொண்டு, எங்களைப் 'பழைய ஊர்' என்று ஒதுக்கிவிட்டது. சாலையில் நகர இடமில்லாமல் போனதும் பூமிக்குள் ரயில் விடப்போவதாகச் சொன்னார்கள். பாதை எங்கள் வீடுகளுக்கு நேர் கீழே. பங்களாக்கள் இருக்கும் பக்கமாகப் போகக்கூடாதா என்று கேட்டோம். அங்கே மண் சரியில்லையாம். இங்கே மனிதர்கள் சரியில்லை போலிருக்கிறது.

சுரங்கம் தோண்டத் தோண்ட எங்கள் சுவர்களில் விரிசல் விட்டது. ரயில்காரர்கள் வந்து ஒவ்வொரு விரிசலுக்கும் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, இரண்டு முனையிலும் பசை போட்டு ஒட்டினார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் உடனே வெளியே ஓடிவிட வேண்டும் என்றார்கள். வாராவாரம் ஒரு இன்ஜினியர் பார்க்க வருவார். உடைந்திருந்தால் வீட்டைப் பூட்டி, குடும்பத்தை ஊருக்கு வெளியே தகரக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார். அப்படிப் போன சலூன்காரர் திரும்பி வரவேயில்லை. அவர் கடை இருந்த இடத்தில் ரயில் நிலையத்தின் படிக்கட்டு வந்துவிட்டது.

அதனால் தெருவே ஒரு காரியம் செய்தது. கண்ணாடி உடைந்தால் துண்டுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, கீறல் அண்ணனிடம் புதிது வாங்கி ஒட்டிக்கொள்வோம். இன்ஜினியர் வந்து பார்த்து, "பரவாயில்லையே, கெட்டியான வீடுங்க!" என்று மெச்சிவிட்டுப் போவார். நானும் ஒட்டியவள்தான். நான் தையல்காரி, அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு.

அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அந்த வீட்டில் இருக்கவே பயம்.

"வீடு முனகுதுங்க. கொஞ்ச நாள் மக வீட்டுல போய் இருக்கலாம்," என்று புருஷனிடம் கெஞ்சுவார்.

"கண்ணாடி சும்மாதானே இருக்கு? அது உடையட்டும், போகலாம். கடையை விட்டுட்டு மருமகன் வீட்டுல உக்காந்து தின்னச் சொல்றியா?"

அது சும்மா இருக்கவில்லை. இரண்டு முறை உடைந்தது. அக்கா எழுந்து வருவதற்குள் அண்ணன் மாற்றிவிட்டார். மூன்றாவது முறை சலித்துப்போய், ஒரு முனைக்கு மட்டும் பசை போட்டு, மறுமுனைக்குச் சோப்பைக் குழைத்துப் பூசினார். பார்வைக்குப் பசை மாதிரியே இருக்கும். சுவர் என்ன ஆட்டம் ஆடினாலும் கண்ணாடி வழுக்கிக்கொடுக்கும், உடையாது. இன்ஜினியரை ஏமாற்றச் செய்த கெட்டிக்காரத்தனத்தில் ஏமாந்தவர்களில் பெண்டாட்டியும் அடக்கம்.

தெருவில் மற்றவர்கள் மாற்றுவது தெரிந்தாலும், தன் வீட்டுக் கண்ணாடியில் புருஷன் கைவைப்பார் என்று அக்கா நினைக்கவில்லை. காலையில் முதல் வேலையாக அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்பார். "முழுசாத்தான்டி இருக்கு," என்று ஜன்னல் வழியாக என்னிடம் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

அன்று மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுச் சுவரில் கண்ணாடி படக்கென்று தெறித்தது. கூரையிலிருந்து காரை கொட்டியது. இந்த முறை பெருக்க நிற்கவில்லை, தெருவுக்கு ஓடினேன். அக்கா வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன்.

"அக்கா! வெளியே வாங்க, வீடு ஆடுது!"

"இங்க கண்ணாடி உடையலையேடி! பயப்படாதே. இரு, உலையை இறக்கிட்டு வர்றேன்."

அவர் வரவில்லை. சமையலறைச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது, கூரை அதன் மேல் உட்கார்ந்தது. அண்ணன் டீக்கடையிலிருந்து ஓடிவந்து வெறும் கையால் செங்கல்லை இழுத்துப் போட்டார். நாங்கள் எல்லோரும் இழுத்தோம். அக்காவை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, சோப்பு பூசிய கதையை அண்ணன் தானாகவே என்னிடம் சொல்லி அழுதார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வரவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "நீதானே கடைசியாப் பேசினே? என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார். ஏதாவது நல்ல வார்த்தை கிடைக்காதா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது போதும்.

"உங்களைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. 'கண்ணாடி உடையலையே, பயப்படாதே'ன்னு எனக்குத்தான் தைரியம் சொன்னாங்க," என்றேன்.

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நான் அந்தக் கைகளைப் பிடித்து விலக்கி, இன்னொரு தடவை சொன்னேன்.