ஐஸில் வைத்த ஷாம்பு

தலை அரித்தால் சொறிந்துகொள்ள வேண்டியதுதானே என்று சொல்பவர்கள் ஹெல்மெட் போட்டு வேலை பார்த்திருக்க மாட்டார்கள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பரையும் சீல் நம்பரையும் சரிபார்ப்பது என் வேலை. கிரேன் ஓடும் இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. அரிப்பு தாங்காமல் நான் இரண்டு முறை கழற்றி மாட்டிக்கொண்டேன். இன்னொரு முறை பார்த்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பத்து வருட வேலை பொடுகினால் போய்விடும் போலிருந்தது.

சீப்பில் முடி வேறு கொத்துக் கொத்தாக வந்தது. புலம்பலைக் கேட்ட என் வீட்டுக்காரர், வண்ணாரப்பேட்டைக்குப் போய் ஒரு ஷாம்பு வாங்கிவந்தார். புரோபயாடிக் ஷாம்புவாம். தயிரில் இருப்பதைப் போன்ற நல்ல கிருமிகள் தலையில் இருக்கும் கெட்ட கிருமிகளை விரட்டுமாம், முடியும் வளருமாம். கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

மறுநாள் குளிக்கப் போனால் பாட்டிலைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு அவருக்குப் போன் போட்டேன். அவருக்குக் காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் வேலை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேரில் கிடந்ததால், ஷாம்புவைக் கையோடு கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் சங்கரா மீனுக்குப் பக்கத்தில் புதைத்து வைத்திருக்கிறார்.

"உசுரோட கீற கிருமின்றாங்க. ஐஸ்ல வெக்கலன்னா செத்துப்பூடாதா மே?"

நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் ஒரு மாதம் மீன் வாடையோடு அதைத்தான் தேய்த்தேன். அரிப்பு கொஞ்சம் அடங்கியதே தவிர, போகவில்லை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். இவரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். டாக்டரம்மா பாட்டிலைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். இவர் ஐஸ் விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல, அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு பொறுமையாக விளக்கினார். இப்படிப்பட்ட ஷாம்பு பலவற்றில் உயிருள்ள கிருமியே கிடையாதாம், கிருமியிலிருந்து எடுத்த சத்துதானாம். சிலருக்குப் பொடுகும் அரிப்பும் குறையலாம், ஆனால் முடி வளரும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் ஆதாரம் இல்லை என்றார். எப்போது தலைக்குக் குளிப்பாய் என்று கேட்டார். எங்கள் தெருவில் தண்ணீர் வருவதே விடியற்காலையில்தான். அப்போதே குளித்து, ஈரத்தோடு எண்ணெயும் தடவி, கொண்டை போட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடுவேன் என்றேன்.

"ஈரத் தலையில எண்ணெயத் தடவி நாள் முழுக்க மூடி வெச்சா, எந்த ஷாம்புவும் காப்பாத்தாதும்மா."

பொடுகுக்கு மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்து, எண்ணெயை நிறுத்தச் சொன்னார். சாயங்காலம் குளித்து நன்றாகக் காயவைக்கச் சொன்னார். சாயங்காலக் குளியலுக்குத் தண்ணீருக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, இவர் மறுநாளே ஒரு டிரம் வாங்கிவந்துவிட்டார். காலையில் தண்ணீர் பிடித்து வைப்பது அவர் வேலையாயிற்று. நான் தலைக்குக் குளிக்கும் நாட்களில் டேபிள் ஃபேனைப் போட்டு, என் பின்னால் உட்கார்ந்து முடியைப் பிரித்துப் பிரித்துக் காயவைப்பார். நாள் முழுக்க ஐஸில் கிடந்து மரத்துப்போன விரல்கள். கூச்சமாக இருக்கும், சுகமாகவும் இருக்கும்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது, அன்று முழுக்க அரிப்பென்று அதில் கை வைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அவர் முன் தலையைக் குனிந்தேன். மீன் செவுளைத் திறந்து பார்ப்பவர்போல வகிடெடுத்துப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது என்றார். பொதுவாக நான் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிறவள் இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"யோவ், நீ இல்லன்னா என் வேல பூட்டுருக்கும்யா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் துண்டால் என் தலையைப் பரபரவென்று துவட்டினார். தலை காய்ந்துதான் இருந்தது.

"அப்பவே ஐஸ்ல வெச்சது வீண் போவல பாத்தியா மே" என்றார்.

எதற்கும் எதிர்வாதம் பண்ணுகிற நான், ஆமாம் என்றேன்.