பத்து வருடம் பார்த்துக்கொள்வோம் என்ற கூரை

காலை ஒன்பது மணிக்கு ஹட்டனில் இறங்கியபோதே மழை பிடித்துக்கொண்டது. அக்கா மகள் புவனா டிக்கோயா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றிருந்தாள். நாளைக்குத்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அதற்குள் அக்காவின் புது வீட்டைப் பார்த்துவிடலாமென்று ஆட்டோ பிடித்தேன். தேயிலைத் தோட்டத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

"கம்பனி கூரைச் சீட்டு போட்ட வீடுங்களா?" என்றார் டிரைவர், ஏதோ மாளிகையைக் கேட்பதுபோல.

கூரைச் சீட்டை விற்பது, பொருத்துவது, பத்து வருடம் பராமரிப்பது எல்லாம் அந்தக் கம்பனியேதான். வேறு யாரும் கைவைக்கக் கூடாது. இதைவிட நிம்மதி வேறென்ன என்று ஊரே நம்பியிருந்தது. நானும்தான்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கூரை மேல் வரிசையாகக் கருங்கற்கள். கீழே கம்பனியின் பராமரிப்பு ஆள் அவற்றைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒழுக்கு என்று சொல்லி ஒரு மாதமாகக் கூப்பிட்டும் வராதவர்கள், இன்று வந்திருந்தார்கள். இடையில் காற்று கிளம்பவே, தோட்டத்துப் பழைய வரிசை வீடுகளான லயத்தில் எப்போதும் செய்வதுபோல, கூரை பறக்காமலிருக்க அத்தான் கல்லேற்றிவிட்டார். லயத்துத் தகரம் கல்லைத் தாங்கும். இந்தச் சீட்டு நடு அறைக்கு மேலேயே பிளந்துவிட்டது.

"கல்லு வச்சதால இனி கம்பனி பாக்காதுங்க" என்றார் கம்பனி ஆள்.

"காத்தடிக்கிறப்ப கல்லு வைக்காம என்னங்க செய்றது?" என்றார் அத்தான். "சீட்டயாவது குடுங்க, நாங்களே மாட்டிக்கிறோம்."

"தனியாக் குடுக்க மாட்டாங்க. ராகலையில எங்க வீட்லயும் கல்லுதாங்க இருக்கு. நான் என்ன செய்ய?"

அவரைத் திட்டக்கூட மனம் வரவில்லை. முன்பென்றால் பக்கத்து ஆட்களே ஏறிச் சரிசெய்திருப்பார்கள். இப்போது கம்பனி விஷயமென்று ஒதுங்கி நின்றார்கள். அக்கா குடும்பம் முன்பு இருந்த லயத்து அறையையும் இடித்தாயிற்று. நடு அறையில், பிள்ளைக்கென்று போட்ட கட்டில் நனைந்து கிடந்தது.

மதியம் கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, டாக்டர்கிட்ட சொல்லி அவள இன்னும் கொஞ்ச நாள் அங்கயே வச்சிருக்கச் சொல்றியாப்பா?"

பேரப்பிள்ளை வேண்டுமென்று கோயிலில் நேர்த்தி வைத்தவள் அவள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரி வார்டில் புவனா பையைக் கட்டி வைத்து, குழந்தைக்குக் கம்பளித் தொப்பி மாட்டி உட்கார்ந்திருந்தாள். வார்டில் கட்டில் போதாமல், வீட்டுக்குப் போகச் சொல்லி இன்றைக்கே துண்டு வெட்டிவிட்டார்களாம்.

"ஆட்டோ நிக்குதா மாமா?" என்றாள்.