விதைக்கு விட்ட கத்தரிக்காய்

அக்கா காய்கறிக் கடையில் பில் போட்டவள். பத்து நாளானாலும் வாடாத காய்களைப் பார்த்துப் பார்த்து நம்பிக்கை போய், மொட்டைமாடியில் பெயின்ட் வாளிகளில் தானே வளர்த்துச் சமைத்தாள். மாடி கசியும் என்று குடியிருப்புச் செயலாளர் ஐந்து வருடம் மல்லுக்கு நின்றார். அவள் ஒரு வாளியைக்கூட நகர்த்தவில்லை.

அவள் இறந்த மறுமாதம் அவர் மாடிக்கு வந்தார்.

"பாருங்க தம்பி, கத்தரிக்கா மஞ்சளாத் தொங்குது. பறிக்க ஆளில்ல. ஆள் வச்சு அள்ளிடறேன்."

"அது விதைக்கு விட்டது சார். அக்கா அடையாளத்துக்கு நூல் கட்டி வச்சிருக்கா."

"விதைச்சு யாரு சமைக்கறது? உங்களுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதே."

"கத்துக்கறேன். கசிஞ்சா கீழ எங்க வீடுதான். நான் நனைஞ்சுக்கறேன்."

அவர் இறங்கிப் போனதும் வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், கொஞ்சம் தாராளமாகவே.