செத்தல் மிளகாயும் பேஸ்மேக்கரும்

இத்தாலியில், லிபெர்த்தா வீதி வீடொன்றில் நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொள்ளும் வயதான வீட்டுக்கார அம்மா, என் சிக்னோராவுக்கு இதயம் சரியாக அடிக்கவில்லை. பேஸ்மேக்கர் வைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நாள் குறித்தாயிற்று, உடுப்புப் பையும் தயார். அந்த நேரம் பார்த்துத்தானா தொலைக்காட்சியில் அந்தப் பாழாய்ப்போன பழைய இங்கிலாந்துப் படம் வரவேண்டும்!

கறுப்பு வெள்ளைப் படம். கடலில் மூழ்கிச் செத்த மாலுமியின் நெஞ்சுக்குள் ஒரு விஞ்ஞானி கம்பிகளை வைத்து உயிர்ப்பிக்கிறான். எழும்பிய மாலுமி, சொந்த மனைவியையே யாரென்று தெரியாமல் கழுத்தை நெரிக்கப் போகிறான். சிக்னோரா தொலைக்காட்சியை அணைத்தார். அவருடைய இத்தாலியன் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன். எழும்பி வந்து உன்னையே ஆரெண்டு கேட்டனெண்டால்?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கெஞ்சினேன், கத்தினேன், உங்கள் மகனைக் கூப்பிடுவேன் என்று வெருட்டினேன். ம்ஹூம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனுசி இல்லாமல் போனால் நான் யாரோடு சண்டை பிடிப்பேன்?

கடைசியில் எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் இறங்கினேன். உப்பையும் காய்ந்த செத்தல் மிளகாயையும் கைக்குள் பொத்தி, கண்பட்ட தோஷம் போக அவர் தலையைச் சுற்றி நாவூறு கழித்தேன். ஊரில் அதை முற்றத்து நெருப்பில் போடுவோம். நானோ யன்னல் சாத்திய குசினியில், அடுப்பில் கொதிக்கிற தாச்சிச் சட்டியில் போட்டுவிட்டேன்.

ஐயோ முருகா! வீடு முழுக்கப் புகை. இருமல், தும்மல், கண்ணைத் திறக்க முடியவில்லை. நானே இவரைக் கொன்றுவிட்டேன் என்று பதறி, பல்கனிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அங்கே மூச்சு வாங்கியபடி, கண்ணீர் வழிய அவர் சிரித்தார்.

"உன்ரை விஞ்ஞானமும் பிழையாய்ப் போச்சு, என்ன?"

"இல்லை சிக்னோரா, மிளகாய் நெடி அடிச்சால் நாவூறு ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். பயப்பிடாமல் போங்கோ."

"ஓம், போறன். இஞ்சை இருந்தால் நீ என்னைச் சாக்காட்டிப் போடுவாய்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

பேஸ்மேக்கர் வைத்து முடிந்ததும் என்னை அறைக்குள் விட்டார்கள். சிக்னோரா கண்ணைத் திறந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ ஆர்?"

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். "சிக்னோரா, நான்..."

அவருடைய உதடு துடித்தது. "பையைத் திற பாப்பம். மிளகாய் கொண்டு வந்தனியோ?"

"பகிடி விடுற நேரத்தைப் பார்!" என்று ஏசிக்கொண்டே, கட்டிலைப் பிடித்தபடி அழுதேன். அப்பாடா, அதே மனுசிதான்.