மாற்றாமல் விட்ட எண்

மருத்துவமனைப் படுக்கையருகே நிற்கும் கருவிகளுக்குப் புரோகிராம் எழுதுவது பிரான்சியின் வேலை. காட்டூரில் விக்டர் நடத்தும் சிறிய அலுவலகம் அது. நோயாளியின் நாடியையும் ஆக்சிஜனையும் வாங்கி மற்றப் புரோகிராம்களுக்குத் தரும் பொதுப் பகுதியான லைப்ரரி அவள் பொறுப்பு. திரையில் காட்டுகிற புரோகிராமும் ஆக்சிஜன் குறைந்தால் அலாரம் அடிக்கிற புரோகிராமும் அந்த ஒரே லைப்ரரியைத்தான் நம்பியிருந்தன. அதன் பெயர் ஓர் எண்ணில் முடியும். அந்த எண் மாறாதவரை உள்ளே அளவுகளின் வரிசையும் மாறவில்லை என்று அர்த்தம்.

உடல் வெப்பத்தையும் சேர்க்கச் சொன்னார்கள். அவள் அதை வரிசையில் முதலாவதாக வைத்தாள். நாடி இரண்டாவதாகவும் ஆக்சிஜன் மூன்றாவதாகவும் நகர்ந்தன. திரைப் புரோகிராமைப் புது வரிசைக்கு மாற்றி, லைப்ரரியின் எண்ணையும் உயர்த்தினாள். விக்டர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நம்பரை ஏத்தினா அலாரம் புரோகிராம் பழைய நம்பரைத் தேடிட்டுக் கிளம்பாமலே நின்னுடுமே. அதை எழுதின ஆசீர் வேலையை விட்டுப் போயிட்டான், அதைத் திருத்த அவன் எழுதின கோடிங்கும் கையில இல்ல. பழைய நம்பரே இருக்கட்டும்மா."

அலாரத்துக்காகப் பழைய லைப்ரரியையும் அதன் எண்ணோடு பக்கத்திலேயே விட்டுவைக்கலாம் என்றாள். இரண்டையும் சோதிக்க நேரமில்லை என்றார். புது வரிசையைப் பழைய எண்ணிலேயே மருத்துவமனைகளுக்கு அனுப்பினாள். அலாரம் புரோகிராம் முரண்டு பண்ணாமல் ஓடியது. ஓடுகிறதே என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு காலை, திருவெள்ளறைப் பக்கத்துச் சிறிய மருத்துவமனையிலிருந்து நர்ஸ் செல்வமேரி கூப்பிட்டாள். மருதை என்ற விவசாயி இறந்துவிட்டார்.

"பக்கத்து வார்டுக்குப் போயிட்டு வந்து பார்த்தா திரையில ஆக்சிஜன் அறுபது. அலாரம் மூச்சே விடலை. உங்க மிஷினை நம்பித்தானே நகர்ந்தேன்?"

பிரான்சி தன் விரலிலேயே கருவியை மாட்டிப் பார்த்தாள். அலாரம் இன்னமும் ஆக்சிஜன் முன்பு இருந்த இரண்டாவது இடத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தது. அங்கே இப்போது இருந்தது நாடி. மூச்சு முட்ட முட்ட மருதையின் நாடி தொண்ணூறைத் தாண்டி எகிறியிருக்கும். அந்த எண்ணையே ஆக்சிஜன் என்று எடுத்துக்கொண்டு அலாரம் பேசாமல் இருந்திருக்கிறது.

 வழக்கமான அப்டேட் என்று சொல்லித் திருத்தி அனுப்பிவிடலாம், காரணம் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார் விக்டர். நுரையீரல் கெட்டுப்போன மனிதர், குடும்பத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார்.

பிரான்சி புது லைப்ரரிக்குப் புது எண் கொடுத்து, பழையதைப் பக்கத்தில் வைத்து அனுப்பினாள். கருவியை அணைத்து மறுபடி போட்டால்தான் அது வேலை செய்யும். அதுவரை எந்தப் படுக்கையிலும் அலாரத்தை நம்ப முடியாது. விக்டர் பார்த்துக்கொண்டிருக்கவே போனை எடுத்தாள். முதலில் செல்வமேரிக்கு.

"சிஸ்டர், உடனே எல்லா மிஷினையும் அணைச்சு மறுபடி போடுங்க. அதுவரைக்கும் ஆள் பக்கத்துலயே இருக்கணும். தப்பு எங்களோடது."

"அப்போ மருதை அய்யா?"

"ஆமா சிஸ்டர்."



"அவர் வீட்டுக்காரம்மா காளியாயி உடலைக் கொண்டுபோற வண்டிக்காக வெளியிலதான் உட்கார்ந்திருக்காங்க. என்னால சொல்ல முடியாது. நீங்களே சொல்றீங்களா?"

பிரான்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

"போனை அவங்ககிட்ட குடுங்க" என்றாள்.