மோசம் என்றொரு சொல்

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த வருடம்தான் நான் தமிழ் எழுத வாசிக்கத் தொடங்கினேன். மொழிப்பற்று என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேறு வழியில்லை.

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. அம்மா காலமான பிறகு புலம்பெயர்ந்து வந்த லின்ஃபீல்ட் வீட்டில் நானும் அப்பாவும்தான். யாழ்ப்பாணத் தமிழ் கதைத்து வளர்ந்தவள் என்றாலும் எழுத்து எனக்குச் சுவர்க்கோலம்தான். அப்பாவின் ஒரே அக்கா, என் மாமி, ஊரில் இருந்தார். காது கேளாது. போனில் கதைக்க முடியாததால் தமிழில் செய்தி அனுப்புவார், அப்பா பதில் எழுதுவார். நோய் அப்பாவின் வலக்கையையும் பார்வையில் பெரும்பகுதியையும் கொண்டுபோனதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மாமியின் செய்திகளில் மழை இருக்கும், கிணற்றுத் தண்ணீர் இருக்கும், மருந்தை ஒழுங்காகப் போடு என்பது இருக்கும். சண்டைக் காலத்தில் அக்காவிடம் சொல்லாமல் நாட்டை விட்டு வந்தவர் அப்பா. அதை மாமி மன்னித்தாரா என்பது மட்டும் ஒருநாளும் வராது. வாசித்து முடித்ததும், "வேறை ஒண்டும் எழுதேல்லையோ?" என்பார் அப்பா. நேரே கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று எனக்கு எரிச்சலாக வரும். இருவரும் ஒரே அச்சு.

சனிக்கிழமைகளில் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பள்ளிக்கூட அறையில் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடந்தது. ஆசிரியை தமிழ்நாட்டுக்காரர். பக்கத்தில் ஒரு மலேசியக்காரர் இருப்பார். தமிழில் கடகடவென்று பேசுவார், வாசிக்கச் சொன்னால் கழுத்தைச் சொறிவார். நாற்காலிகளோ சின்னப் பிள்ளைகளுக்கானவை. என் பெரிய எதிரி 'கொ'. கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் நிற்பதை முதலில் சொல்ல வேண்டுமாம்! எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தால்தான் எனக்குப் பொருள் விளங்கும். கண்ணுக்குத் தெரியாத சொல்லைக் காது கண்டுபிடித்துவிடும்.

ஒரு சனிக்கிழமை ஆசிரியை, "மோசம்னா நல்லா இல்லைன்னு அர்த்தம். ரோடு மோசம், உடம்பு மோசம், எல்லாத்துக்கும் சொல்லலாம்," என்றார். எனக்கு அது புதுச்சொல். பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குக் காய்ச்சல், மூச்சு வேறு இழுத்தது. டொக்டரிடம் காட்டி மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, முதல் தடவையாக யாரையும் கேட்காமல் நானே மாமிக்கு எழுதினேன்: "அப்பா இன்று மோசம் போய்விட்டார்." உடம்பு இன்னும் கெட்டுவிட்டது என்பது என் கணக்கு. 'ய்'க்குச் சரியாகப் புள்ளி வைத்ததில் எனக்குப் பெருமையும்கூட.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மோசம் போய்விட்டார் என்றால் இறந்துவிட்டார் என்று பொருள். தமிழ்நாட்டில் யாரிடமோ ஏமாந்துவிட்டார் என்று நினைப்பார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. சாவுச் செய்தியை அப்பா என் காதில் விழக் கதைத்ததே இல்லை.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மாமியின் பதில் வந்திருந்தது, வழக்கத்தைவிட நீளமாக. பக்கத்தில் இருந்து எழுத்துக்கூட்டத் தொடங்கினேன்.

"பிள்ளை, நான் இருக்க என் தம்பி முந்திவிட்டான்."

எதில் முந்தினார் என்று யோசித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன்.

"அவன் சொல்லாமல் வெளிக்கிட்ட அன்று போட்டுவைத்த சோற்றை மறுநாள்வரை கொட்டாமல் வைத்திருந்தேன். கோபம் எப்போதோ ஆறிவிட்டது. அவன் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். இனி யாருக்குச் சொல்ல? எனக்காக ஒருக்கால் அவன் நெற்றியில் கை வை."

நெற்றி வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அப்பாவுக்கு முதல் வரியிலேயே விளங்கியிருக்க வேண்டும்.

"நீ என்ன எழுதி அனுப்பினனீ?" என்றார். சொன்னேன்.

"மோசம் போறதெண்டாச் சாகிறது, பிள்ளை." சிரித்தார், இருமினார். கண்ணிலிருந்தும் வடிந்தது.

திருத்தி எழுதப் போனைத் தூக்கினேன். அப்பா இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒருக்காத் திருப்பி வாசி."

"அங்கை மாமி அழுதுகொண்டிருக்கிறா, அப்பா!"

"ஓம், தெரியும். வாசிச்சிட்டு எழுது."

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. ஆனாலும் வாசித்தேன். இந்த முறை ஓர் எழுத்துகூடத் தடக்கவில்லை. நெற்றி வந்த இடத்தில் அப்பா தலையைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தார். கையை வைத்தேன். அதன் பிறகுதான், அப்பா உயிரோடு இருக்கிறார் என்று மாமிக்கு எழுதினேன்.