ஊசி அண்ணியும் அடிவரிசைத் தட்டும்

குஞ்சு பொரிப்பகத்தில் அவளை எல்லாரும் 'ஊசி அண்ணி' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே சூப்பர்வைசர் அவளுடைய நாத்தனார். அவள் வாய் நிறைய 'அண்ணி, அண்ணி' என்றதில் மற்றவர்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. ஊசி என்பது அவள் வேலை. முட்டைக்குப் போடும் ஊசி. சிரிக்காதீர்கள். அடைமெஷினில் பாதி வளர்ந்த முட்டையை விளக்கின் மேல் பிடித்து, அகன்ற முனையில் காற்றறையைப் பார்த்து, பொடித் துளை போட்டு, ப்ரீபயாடிக் கரைசலைத் துளி இறக்கி, மெழுகால் அடைக்க வேண்டும். அது மருந்துகூட இல்லை, ஒருவகைச் சர்க்கரைத் தண்ணீர். குஞ்சின் குடலில் வளரும் நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு. குடல் தெம்பாகப் பிறந்த குஞ்சு கழிச்சல் கண்டு சுருண்டு விழாது.

கரைசல் சில்லென்று இறங்கினால் உள்ளே இருக்கும் உயிருக்கு ஆகாது. அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த புட்டியை ஏப்ரனின் உள்பையில், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். முட்டைக்கும் மனுஷிக்கும் ஏறக்குறைய ஒரே சூடுதானே!

அந்தப் பழக்கமே ஒருநாள் அவள் காலை வாரியது. ஒரு தட்டு முட்டைக்கு ஊசி போட்டு முடித்து ஃபிரிட்ஜைத் திறந்தால், அன்றைய புட்டி மூடி திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் பையில் இருந்தது? நேற்றைய மிச்சம். ராத்திரி முழுக்க ஏப்ரனோடு மெஷின் பக்கத்துக் கொக்கியில் வெதுவெதுப்பாகத் தொங்கியது. சர்க்கரைத் தண்ணீருக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பேதம் ஏது? யார் வந்தாலும் விருந்துதான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஆனால், "எங்க அண்ணிக்கு நான் பொறுப்பு" என்று முதலாளியிடம் சொல்லி வேலை வாங்கித் தந்தவள் நாத்தனார். இவள் மாட்டினால் அவள் வேலையும் போகும். பாவி மகள், மென்று முழுங்கிவிட்டாள். முட்டை கெட்டு வெடித்தாலும் மற்றதன்மேல் ஒழுகக் கூடாதென்று, அந்தத் தட்டை மட்டும் மெஷினின் அடிவரிசைக்கு மாற்றி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் ஏது? மெஷின் கதவைத் திறக்கும்போதெல்லாம் மோந்து பார்ப்பாள். வீட்டில் சோப்பு போட்டுக் கழுவிய கையையும் மோந்து பார்ப்பாள். "என்னடி, மூக்கு அடைச்சிருக்கா?" என்று கேட்ட புருஷனிடம் எரிந்து விழுந்தாள்.

முட்டைகளைப் பொரிப்புக் கூடைக்கு மாற்றும் நாள் வந்தது. நாத்தனார் மெஷினைத் திறந்தாள். லேசான நாற்றம். குனிந்து பார்த்தாள்.

"இத யாரு அடியில வெச்சது?"

நாத்தனார் நிமிர்ந்து ஊசி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பழைய புட்டிம்மா... தெரியாமப் போட்டுட்டேன்."

"தெரியாமப் போட்ட, சரி. தெரிஞ்சப்புறம் ஏன் அண்ணி சொல்லல?"

"உன் வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே எடுத்து வெளிய போட்டிருப்போம். அப்பவும் உசுருதான்." நாத்தனார் தட்டை வெளியே இழுத்தாள். "ஆனா இவ்வளவு வளர விட்டிருக்க மாட்டோம்."

விளக்கில் பார்த்தார்கள். நாலைந்து முட்டை கறுத்துக் கெட்டிருந்தது. மற்றதெல்லாம் உள்ளே புரண்டது. ஆனாலும் இந்தத் தட்டில் ஒன்று பொரிந்தால்கூட அதன் பஞ்சுத்தூசியோடு கெட்ட கிருமி கூடை கூடையாகப் பரவும். தட்டு மொத்தமும் வெளியே போயாக வேண்டும்.

"முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ தூக்கு."

ஊசி அண்ணி தட்டை வயிற்றோடு அணைத்துத் தூக்கினாள். கதகதவென்று இருந்தது. இத்தனை நாளும் நாற்றத்துக்குத்தான் பயந்தாள். முட்டைகளை அழிக்கும் கழிவுக் கூடத்தின் கதவருகே வரும்போது, எந்த முந்திரிக்கொட்டைக் குஞ்சோ, ஓட்டுக்குள்ளிருந்தே ஒருதரம் கீச்சென்றது. அவள் துளை போட்ட அந்தக் காற்றறைக்குள் அலகை நுழைத்து, முதல் மூச்சு இழுத்திருந்தது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நட அண்ணி," என்றாள் பின்னால் வந்த நாத்தனார். அவளும் அழுதுகொண்டிருந்தாள். "நீ நின்னா என்னால முடியாது."